காணாமல் போய்த் திரும்பும் நட்சத்திரம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாடு முடிந்து, வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். பாதியில் தூக்கம் வந்தால் மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. என் வகுப்பிலேயே தூங்கியவர்கள்தானே உங்களில் சிலர்!

இன்றைக்கு ஒரு நட்சத்திரத்தின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் என் பழைய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தவறு இல்லையென்றால் இந்தப் பதிவே இல்லை.

1988ஆம் வருடம். அரையாண்டு விடுமுறைக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். இரவு தலைக்கு மேலே தெரிகிற வானத்தைப் பார்த்து, பளிச்சென்று தெரியும் நட்சத்திரங்களைப் புள்ளி வைத்து வரைந்து வர வேண்டும். பாதிப் பேர் ஐந்து முனை நட்சத்திரமாக வரைந்து மஞ்சள் வண்ணம் அடித்து வந்தார்கள். ஒரு பெண் மட்டும் உண்மையாகவே களத்தில் பாய் போட்டுப் படுத்துப் பார்த்து, ஒன்பது புள்ளி வைத்து வந்தாள். நல்லது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிப்ரவரி கடைசியில் அதே நோட்டில், பக்கத்துப் பக்கத்தில், அதே இடத்தை மறுபடி வரைந்து கொண்டு வந்தாள். எட்டுப் புள்ளிதான் இருந்தது. “மத்ததெல்லாம் அப்படியே இருக்கு டீச்சர். இந்த ஒண்ணு மட்டும் காணோம்” என்றாள்.

நான் என்ன செய்தேன்? நட்சத்திரம் எங்கேயும் போகாது, நீ சரியாகப் பார்த்திருக்க மாட்டாய் என்றேன். சிவப்பு மையில் “கவனமாகப் பார்க்கவும்” என்று எழுதிக் கொடுத்தேன். அவள் ஒன்றும் பேசாமல் நோட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

பணி ஓய்வுக்குப் பிறகு நேரம் நிறையக் கிடைத்தது. வானியல் நூல்களை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினேன். அப்படிப் படித்ததில்தான் மீரா என்ற நட்சத்திரம் எனக்கு அறிமுகமானது. படித்த அன்று அந்தச் சிவப்பு மை ஞாபகம் வந்துவிட்டது.

மீரா என்றதும் கிருஷ்ண பக்தை மீராபாயை நினைக்காதீர்கள். இது லத்தீன் சொல். ‘வியப்புக்குரியது’ என்று பொருள். சீட்டஸ் என்னும் திமிங்கில மண்டலத்தில், அந்தத் திமிங்கிலத்தின் கழுத்துப் பகுதியில் இருக்கிறது. சில வாரங்கள் வெறும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பிறகு மெல்ல மங்கி, பல மாதங்கள் கண்ணிலேயே படாது. மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 332 நாள்.

இதை முதலில் குறித்து வைத்தவர் ஒரு கிராமத்துப் பாதிரியார். டேவிட் ஃபேப்ரிசியஸ் என்று பெயர். இன்றைய ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், கடலோரத்தில், ஃபிரீசியா என்று ஒரு பகுதி. அங்கே ரெஸ்டர்ஹாஃபே என்ற சிற்றூரில் ஊழியம் செய்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாள் இரவுகளில் வானம். தொலைநோக்கி அப்போது கிடையாது. கண்ணும் கோணம் அளக்கும் கருவியும்தான்.

1596 ஆகஸ்டில் ஒரு விடியற்காலை, கோள் ஒன்றின் இடத்தை அளந்துகொண்டிருந்தார். அதைப் புதன் என்று அவர் எண்ணினார். வியாழனாக இருந்திருக்க வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் கணித்தார்கள். அளப்பதற்கு அருகில் ஓர் அடையாளம் வேண்டுமே, அதற்காகப் பக்கத்தில் இருந்த ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டார். நாம் கிணற்றுக்கு வழி சொல்லும்போது “அந்த வேப்ப மரத்துக்குத் தெற்கே” என்று சொல்கிறோமே, அதுபோல. ஆனால் அந்த ‘வேப்ப மரம்’ எந்தப் பட்டியலிலும் இல்லை. அடுத்த சில வாரங்களில் அது இன்னும் பிரகாசமானது. அக்டோபரில் பார்த்தால் மரத்தையே காணோம்.

அந்தக் காலத்தை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிலவுக்கு மேலே இருக்கும் வானத்தில் எந்த மாற்றமும் நடக்காது என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து ஐரோப்பா நம்பி வந்த பாடம். ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைய பாடம். 1572இல் காசியோப்பியா மண்டலத்தில் திடீரென்று ஒரு புது நட்சத்திரம் தோன்றி அந்த நம்பிக்கையை உலுக்கியிருந்தது. டைக்கோ பிராகி அதைப் பற்றிப் புத்தகமே எழுதியிருந்தார். ஃபேப்ரிசியஸ் அந்த டைக்கோவோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். பின்னால் கெப்ளரோடும் நீண்ட கடிதங்கள் எழுதினார். அதனால் தான் பார்த்ததும் அதே போன்ற ஒரு புது நட்சத்திரம், வந்தது, அணைந்தது என்றே முடிவு செய்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கையில் இருந்த உதாரணம் அது ஒன்றுதான்.

1603இல் யோகான் பேயர் என்பவர் ஒரு பெரிய நட்சத்திர வரைபட நூல் வெளியிட்டார். ஒவ்வொரு மண்டலத்திலும் நட்சத்திரங்களுக்குக் கிரேக்க எழுத்துகளைக் கொடுத்தவர் இவர்தான். திமிங்கிலத்தின் கழுத்தில் ஒரு நட்சத்திரத்தைக் குறித்து ‘ஒமிக்ரான்’ என்று எழுத்தும் கொடுத்தார். ஏழு வருடம் முன்னால் காணாமல் போனது அதே இடத்தில் இருந்ததுதான் என்பது அவருக்குத் தெரியாது. ஒருவர் ‘போய்விட்டது’ என்று எழுதிவைத்தார், இன்னொருவர் ‘இருக்கிறது’ என்று எழுதிவைத்தார். இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

1609 பிப்ரவரியில் ஃபேப்ரிசியஸ் அதை மறுபடி அதே இடத்தில் பார்த்தார். திகைத்துத்தான் போயிருப்பார். ஆனாலும் அது ஒரு கணக்கில் வந்து போகிறது என்ற எண்ணத்துக்கு அவர் வரவில்லை.

இந்த மனிதரின் வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். அவருடைய மகன் யோகான்னஸ், ஹாலந்தின் லைடன் நகரில் படித்தவர். அப்போது புதிதாக வந்திருந்த தொலைநோக்கியை ஊருக்குக் கொண்டுவந்தார். 1611இல் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து சூரியனைப் பார்த்தார்கள். நேரடியாகத் தொலைநோக்கியில்! பிள்ளைகளே, யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள், கண் போய்விடும். அவர்களும் கண் எரிச்சல் தாங்காமல், இருட்டறைக்குள் சிறு துளை வழியாகச் சூரிய பிம்பத்தை விழச்செய்து பார்க்கும் முறைக்கு மாறிவிட்டார்கள். சூரியனில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. நாளுக்கு நாள் நகர்ந்தன. அதே வருடம் மகன் சிறு நூல் ஒன்று வெளியிட்டார். சூரியப் புள்ளிகளைப் பற்றி அச்சில் வந்த முதல் நூல் அது. கலிலியோவுக்கும் முந்தியது. ஆனால் பேர் கலிலியோவுக்குத்தான் போனது. மகன் முப்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். அப்பாவின் முடிவு இன்னும் கொடுமை. 1617 மே மாதம் அவர் ஊழியம் செய்த ஆஸ்டீல் என்ற ஊரில் ஒருவன் அவரை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டான். வாத்துத் திருடியவன் யாரென்று எனக்குத் தெரியும் என்று பிரசங்க மேடையிலிருந்து அவர் சொன்னதுதான் காரணம் என்று சொல்கிறார்கள். டைக்கோவோடும் கெப்ளரோடும் வாதம் செய்த மனிதருக்கு ஒரு வாத்தால் சாவு! இந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு மேற்கொண்டு படிக்கத் தோன்றவில்லை.

அவர் இறந்து 21 ஆண்டு கழித்து, அதே ஃபிரீசியக் கடற்கரையில், ஆனால் ஹாலந்துப் பக்கம், 20 வயது இளைஞர் ஒருவர் வருகிறார். யோகான்னஸ் ஹோல்வார்டா. பின்னால் ஃபிரானெக்கர் என்ற ஊரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 1638 டிசம்பரில் ஒரு சந்திர கிரகணம். அதைப் பார்க்கப் போனவர் கண்ணில் திமிங்கிலத்தின் கழுத்தில் இருந்த நட்சத்திரம் பட்டது. அங்கே இப்படி ஒரு நட்சத்திரம் இருக்கக் கூடாதே என்று அவருக்குத் தோன்றியது. குறித்துக்கொண்டார். பிறகு அது மங்கி மறைந்தது.

இங்கேதான் அவர் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார். மறைந்த பிறகும் அந்த இடத்தைப் பார்ப்பதை விடவில்லை. ஒன்றும் இல்லாத இடத்தை மாதக்கணக்கில் பார்ப்பது எவ்வளவு சலிப்பு என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த வருடம் அது திரும்பி வந்தது. ஏறத்தாழ 11 மாதச் சுற்று என்று எழுதினார். 1640இல் நூலாக வந்தது. தோன்றி மறைவது, மறுபடி தோன்றுவது, இது நட்சத்திரத்தின் இயல்பு என்று மனிதன் எழுதிவைத்தது அப்போதுதான். ஹோல்வார்டாவும் 32 வயதில் இறந்துவிட்டார். இந்த நட்சத்திரத்தைத் தொட்டவர்கள் பலருக்கு ஆயுள் குறைவு போல என்று என் தங்கை சொன்னாள். அதெல்லாம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் எல்லாருக்குமே ஆயுள் குறைவுதான். அடுத்து வருகிற ஹெவிலியஸ் சரியாகத் தன் 76ஆவது பிறந்த நாளில்தான் இறந்தார்.

ஹெவிலியஸ் டான்சிக் நகரத்துக்காரர். இன்று அது போலந்தில் இருக்கும் கடான்ஸ்க். குடும்பத் தொழில் பீர் காய்ச்சுவது. அந்த வருமானத்தில் வீட்டு மாடியிலேயே வானாய்வகம் கட்டியவர். வருடக்கணக்கில் இந்த நட்சத்திரத்தைக் கவனித்து 1662இல் அதன் வரலாற்றை ஒரு சிறு நூலாக எழுதினார். மீரா என்று பெயர் வைத்தவர் அவர்தான். ஐந்து வருடம் கழித்து, 1667இல், இஸ்மாயில் பூலியோ என்ற பிரெஞ்சுக்காரர் சுற்றுக் காலத்தை 333 நாள் என்று கணக்கிட்டார். இன்றைய கணக்கோடு ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம்!

ஆனால் காரணம் சொன்னதில் பூலியோ கோட்டைவிட்டார். அந்த நட்சத்திரம் தன்னைத்தானே சுற்றுகிறது, அதன் மேல் பெரும்பகுதி கறுப்புத் திட்டு, வெளிச்சப் பக்கம் நம்மை நோக்கித் திரும்பும்போது தெரிகிறது என்றார். இந்த யோசனை எங்கிருந்து வந்தது? சூரியப் புள்ளிகளிலிருந்து. மகன் ஃபேப்ரிசியஸ் முதலில் அச்சில் ஏற்றிய சங்கதியை வைத்து, தகப்பன் ஃபேப்ரிசியஸ் கண்ட நட்சத்திரத்துக்கு விளக்கம் சொல்லப் பார்த்திருக்கிறார்கள். விளக்கம் தவறாக இருந்தாலும் இப்படி அப்பனும் பிள்ளையும் ஓரிடத்தில் சேர்ந்துகொண்டதில் எனக்கு ஏனோ ஒரு சந்தோஷம்.

நம் ஊர் சம்பந்தம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. மீராவைப் போல வந்து போகும் நட்சத்திரங்கள் பிறகு நிறையக் கிடைத்தன. அந்த வகைக்கே ‘மீரா வகை’ என்று பெயர் வந்துவிட்டது. அப்படி ஒன்றைச் சென்னையிலிருந்து கண்டுபிடித்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர். 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரம் ஒளி மாறுவதைக் கண்டார். சென்னையிலிருந்து பார்த்தால் தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே மட்டும் வந்து போகிற நட்சத்திரம் அது. வெறும் கண்ணுக்கு எட்டாது. 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874இல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடந்தபோது, அது என்ன என்று பொதுமக்களுக்கு விளக்க நம் மொழிகளில் சிறு நூல் எழுதியவர். அவருக்கு மேலே அதிகாரியாக இருந்தவர் நார்மன் போக்சன். நட்சத்திர ஒளியை அளக்க இன்று உலகம் முழுவதும் பயன்படுத்தும் அளவுகோலை 1856இல் முன்வைத்தவர். அதில் ஐந்து படி இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்காகிவிடும். மீரா சாதாரணமாக மூன்றாம் படியிலிருந்து ஒன்பதாம் படி வரை இறங்குகிறது. ஆறு படி. அப்படியென்றால் ஏறத்தாழ 250 மடங்கு மங்குகிறது. பாடப்புத்தகத்தில் இந்தப் பெயர்களையெல்லாம் நான் நடத்தியதில்லை. இருந்ததாகவும் ஞாபகம் இல்லை.

சரி, எதனால் இப்படி வந்து போகிறது? அது கிழட்டு நட்சத்திரம். சுமார் 300 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. எடையில் நம் சூரியனை விட ரொம்ப அதிகமில்லை. ஆனால் வயதானதால் ஊதிப் பெருத்துவிட்டது. சூரியன் இருக்கும் இடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தால் பூமியை விழுங்கி, செவ்வாய் கிரகத்தின் பாதை வரை வந்துவிடும். சிவப்பு ராட்சதன் என்று இந்த நிலைக்குப் பெயர். உடம்பு பெருத்ததால் மேற்பரப்பு குளிர்ந்துபோய், பொங்கும் பாலைப் போல எழும்பி அடங்கி எழும்பி அடங்கி நிற்கிறது. அடுப்பில் பால் பொங்கி வரும்போது ஊதினால் அடங்கும், விட்டால் மறுபடி எழும்பும், பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு மூச்சுக்கு மீரா எடுத்துக்கொள்வது 332 நாள். குளிர்ந்த நிலையில் அதன் மேல் டைட்டானியம் ஆக்சைடு போன்ற கூட்டுப் பொருள்கள் உண்டாகித் திரைபோலக் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிடுகின்றன. அதனால்தான் இத்தனை மடங்கு மங்கல். மொத்த வெப்பத்தில் அவ்வளவு பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. டைட்டானியத்தின் இன்னோர் ஆக்சைடைத்தான் நாம் வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் போடுகிறார்கள்.

இதுவரை ஒரு நட்சத்திரம் என்றே சொல்லி வந்தேன். உண்மையில் இரண்டு.

1920 வாக்கில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் ஆல்ஃபிரட் ஜாய் என்பவர் மீராவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மங்கிக் கிடந்த நாட்களில், குளிர்ந்த சிவப்பு நட்சத்திரத்துக்குச் சற்றும் பொருந்தாத கோடுகள் தெரிந்தன. சூடான வேறொரு நட்சத்திரத்துக்கு உரியவை. பக்கத்தில் துணை ஒன்று இருக்க வேண்டும் என்றார். 1923இல் லிக் வானாய்வகத்தின் 36 அங்குலத் தொலைநோக்கியில் ராபர்ட் எய்ட்கன் அதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார். இரட்டை நட்சத்திரங்களைப் பிரித்துப் பார்ப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்தவர் அவர். இரண்டும் எவ்வளவு நெருக்கம் தெரியுமா? ஒரு ரூபாய் நாணயத்தைச் சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் வைத்தால் அதன் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் எவ்வளவு இடைவெளி தெரியுமோ, ஏறத்தாழ அவ்வளவு.

ஒன்றைக் கவனியுங்கள். மீரா உச்சத்தில் ஜொலித்தபோது எத்தனையோ பேர் பார்த்தார்கள். அப்போதெல்லாம் துணை தெரியவில்லை. பெரியதன் வெளிச்சம் சின்னதை மூடிவிட்டது. பெரியது மங்கிய நாட்களில், இப்போது என்ன பார்க்க இருக்கிறது என்று விட்டுவிடாமல் பார்த்ததால் கிடைத்தது. ஹோல்வார்டா வெறும் இடத்தைப் பார்த்தாரே, ஜாயும் அதே வகை மனிதர்தான்.

அந்தத் துணை யார்? அதுவும் ஒரு காலத்தில் சூரியனைப் போல எரிந்த நட்சத்திரம். எடை அதிகமான நட்சத்திரம் எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்துவிடும். எனவே இருவரில் எடை மிகுந்து பிறந்தது அதுதான். முதலில் கிழடாகி, முதலில் ஊதி, மேலுடம்பையெல்லாம் உதறிவிட்டு, இன்று பூமியளவே உள்ள சூடான தணலாக மிஞ்சியிருக்கிறது. வெள்ளைக் குள்ளன் என்பார்கள். அது வெள்ளைக் குள்ளன்தானா என்று ரொம்ப நாள் சந்தேகம் இருந்தது. சில நிமிடங்களுக்குள் அதன் ஒளி படபடவென்று துடிப்பதை அளந்து 2010இல் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தார்கள். பெரியதிலிருந்து காற்றாக வெளியேறும் பொருளில் ஒரு பங்கைச் சின்னது தன்பால் இழுத்துக்கொள்கிறது. போய்ச் சேர்ந்த அண்ணனின் தணலில் தம்பியின் மூச்சு பட்டுச் செந்நெருப்பு கனல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் இடையே உள்ள தூரம், சூரியனுக்கும் நெப்டியூனுக்கும் உள்ள தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஒன்றையொன்று ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 500 வருடம் ஆகும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்குப்படி, பாதிரியார் ஃபேப்ரிசியஸ் பார்த்த விடியற்காலையிலிருந்து இன்றுவரை ஒரு சுற்றுகூட முடியவில்லை.

1995இல் ஹப்பிள் தொலைநோக்கி இரண்டையும் தனித்தனியாகப் படம் பிடித்தது. 2007இல் வந்த செய்தி இன்னும் பெரிது. கேலக்ஸ் என்ற விண்கலம் புறஊதா ஒளியில் பார்த்தபோது, மீராவுக்குப் பின்னால் வால்நட்சத்திரம் போல நீண்ட வால் இருந்தது. 13 ஒளியாண்டு நீளம்! மீரா நொடிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே 30,000 ஆண்டுகளாக உதறிய பொருள் அப்படியே பின்னால் கிடக்கிறது. புறஊதா ஒளியைக் காற்று மண்டலம் தடுத்துவிடும் என்பதால் தரையிலிருந்து யார் கண்ணுக்கும் அது படவில்லை. அந்த வாலில் கார்பன், ஆக்சிஜன் போன்றவையும் கலந்திருக்கின்றன. புது நட்சத்திரமும் கோளும் உண்டாகும்போது அவை பயன்படும். நம் சூரியனும் இன்னும் 500 கோடி ஆண்டில் இப்படித்தான் ஊதும். துணை இல்லாமல் தனியாக.

இனி அந்த நோட்டுக்கு வருகிறேன்.

2007 பிப்ரவரியில் மீரா நல்ல பிரகாசமாக உச்சத்துக்கு வந்தது. அது பதிவான செய்தி. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். கணக்கு டீச்சர் லீவு போட்டால் நான்தான் எடுப்பேன், ஞாபகம் இருக்கிறதா? 332 நாளை 20 ஆல் பெருக்கினால் 6,640 நாள். அதாவது 18 வருடம் இரண்டு மாதம். 2007 பிப்ரவரியிலிருந்து கழித்தால் 1988 டிசம்பர். ஒவ்வொரு சுற்றிலும் சில நாள் முன்பின் ஆகும். இருந்தாலும் அரையாண்டு விடுமுறையில் அது கண்ணுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். பிப்ரவரி கடைசிக்குள் வெறும் கண்ணுக்கு எட்டாத அளவுக்கு மங்கியிருக்க வேண்டும். டிசம்பர் இரவு எட்டரை மணிக்குத் திமிங்கிலத்தின் கழுத்து நம் ஊரில் ஏறக்குறைய தலைக்கு மேலேதான் இருக்கும். அவள் களத்தில் மல்லாந்து படுத்துத்தான் பார்த்தாள்.

இரண்டு முறை கணக்குப் போட்டுச் சரிபார்த்தேன். பிறகு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

ஐரோப்பாவின் படித்தவர்கள் 42 வருடம் எடுத்துக்கொண்ட அந்த முதல் படியை, இருந்தது இல்லாமல் போனது என்பதை, பக்கத்துப் பக்கத்தில் வரைந்து காட்டிய பிள்ளையிடம் கவனமாகப் பார் என்று எழுதிய டீச்சர் நான். அரிஸ்டாட்டிலின் பாடத்தை அவர் பெயர்கூடச் சொல்லாமல் நானும் நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு மீராவைத் தெரியாது. அது ஒரு குறையில்லை. ஆனால் வா, இன்றைக்கு இருட்டியதும் நானும் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் வீடு பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான்.

பெயர் எழுதவில்லை. அவளுக்கே தெரியும். கல்யாணமாகி வெளியூர் போனதாகக் கேள்வி. அவளோடு படித்தவர்கள் இதைப் பார்த்தால் அவளுக்கு அனுப்பி வையுங்கள். அம்மா, நீ சரியாகத்தான் பார்த்தாய். தப்பு என்னுடையது. அந்த நோட்டு இன்னும் இருந்தால் (எங்கே இருக்கப் போகிறது, பழைய பேப்பர்காரருக்குப் போயிருக்கும்) அந்த இரண்டு பக்கத்தையும் போன் கேமராவில் எடுத்து அனுப்பு.

மற்றவர்களுக்கும் ஒரு வேலை. கார்த்திகை, மார்கழி மாதங்களில் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மேலே பாருங்கள். கார்த்திகைக் கூட்டம் எல்லாருக்கும் தெரியும், ஆறேழு நட்சத்திரம் கொத்தாக இருக்கும். கையை முழுக்க நீட்டி முட்டி பிடித்தால் ஒரு முட்டி அகலம் ஏறத்தாழ பத்துப் பாகை. கார்த்திகையிலிருந்து தென்மேற்காக இரண்டு முட்டிக்குச் சற்று அதிகம் வந்தால், ஓரளவு பிரகாசமாகத் தனியாக ஒரு நட்சத்திரம். அது மென்கர், திமிங்கிலத்தின் தலைப்பக்கம். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் மேற்கே சாய்ந்து, ஒரு முட்டியும் மேலே கொஞ்சமும் போனால் மீராவின் இடம். உச்சம் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ ஒரு மாதம் முன்னால் நகரும். ஏப்ரல் கடைசியில் சூரியன் அந்தப் பக்கம் இருப்பதால், உச்சம் அந்தச் சமயத்தில் விழும் வருடங்களில் நமக்குத் தெரியாது. சுமார் பத்து வருடத்தில் ஒரு வட்டம் முடிந்து மறுபடி குளிர்காலத்துக்கு வந்துவிடும்.

பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த இடத்தைக் காட்டுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு, தெரிந்தால் தெரிந்தது என்று எழுதச் சொல்லுங்கள். தெரியாவிட்டாலும் தேதி போட்டுத் தெரியவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். நோட்டை எனக்கும் காட்டுங்கள், திருத்த மாட்டேன்.